இன்னொருக்கா பாத்துடுவோம்

ஒருவரைப் பற்றி எழுதுகிற தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம், பிறகு டவுனில் மூன்றாம் படிவம் வரை, அவ்வளவுதான் என் படிப்பு. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக் கூசுகிறவள், ஐம்பதை நெருங்கும் வயதில் அச்சில் பேசப் பார்க்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னித்துவிடுங்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் பிள்ளைகள் எங்கேயோ நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களைக் கேட்காமல் பெயரைப் போட எனக்கு உரிமை கிடையாது. நாங்கள் வேலை செய்த கம்பெனியின் பெயரையும் சொல்ல மாட்டேன். அங்கே பார்த்ததை வெளியே பேச மாட்டேன் என்று, சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கம்பெனி இப்போது இல்லை. அந்தக் கையெழுத்து இன்னும் செல்லுமா என்று யாரைக் கேட்பது?

ஈப்போவுக்கு வெளியே, ஈயலம்பம் என்கிற ஈயச் சுரங்கம் தோண்டிவிட்டுப் போன குட்டைகளுக்கு நடுவில் அந்தக் கம்பெனி இருந்தது. ராணுவத்துக்கும் கடற்படைக்கும் சாமான் செய்தோம். துப்பாக்கி, குண்டு எல்லாம் இல்லை. லாரிக்கதவின் கீல், பீரங்கியைத் தாங்கும் கால், கப்பலிலிருந்து சின்னப் படகைக் கடலில் இறக்கும் தூக்கி, இந்த மாதிரி. ஆனாலும் ஒவ்வொரு தாளிலும் 'ரகசியம்' என்று மலாயில் சிவப்பு முத்திரை விழும். ஒரு காகிதம்கூட வேலியைத் தாண்டக்கூடாது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று என் அம்மாவுக்கே சொன்னதில்லை. அம்மா லயத்து வரிசை வீடுகளில் எல்லோரிடமும், "எம் மக பட்டாளத்துக்குக் கணக்கு எழுதுறா" என்று சொல்லிவைத்திருந்தாள்.

அவர் அங்கே மூத்த வடிவமைப்புப் பொறியாளர். அறைக்கதவில் அப்படித்தான் ஆங்கிலத்தில் பலகை போட்டிருந்தது. பட்டறையில் அவருக்குப் பெயர் 'இன்னொருக்கா'. சீன ஃபிட்டரும் மலாய்க்கார வெல்டர்களும்கூட அர்த்தம் தெரிந்தேதான் அப்படிச் சொன்னார்கள். எது முடிந்தாலும், எவ்வளவு நன்றாக முடிந்தாலும், அவர் அதன் பக்கத்தில் வந்து நின்று தலையைச் சாய்த்து, "இன்னொருக்கா பாத்துடுவோம்" என்பார். 'சரி' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தலையை ஆட்டுவார், அதுவும் பாதிதான்.

கடைசிச் சில வருடங்கள் அவருக்குக் கையெழுத்துப் போடும் வேலை இல்லாமல் போயிற்று. ஜன்னலோரம் நின்றுகொண்டு சின்னச் சின்னக் கொக்கிகளை வரைந்துகொண்டிருந்தார். அது ஏன் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒல்லி ஆள். உயரம். சட்டைப்பையில் ஆறங்குல இரும்பு ஸ்கேல் எப்போதும் இருக்கும். நடக்கும்போது அது பேனாவில் இடித்து 'டிக் டிக்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே பட்டறையில் ரேடியோவைக் குறைப்பார்கள். உட்காரவே மாட்டார். வரைபலகை முன்னால் நின்றுதான் வரைவார், நின்றுதான் கோப்பி குடிப்பார், நின்றுகொண்டே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே பெருவிரல் பக்கத்தில் இருக்கிற எதன் விளிம்பையாவது தடவிக்கொண்டிருக்கும். மேசை, கதவு, சில சமயம் எதிராளியின் நாற்காலி.

நான் டிரேசர். அவரும் மற்றவர்களும் பென்சிலில் வரைந்ததன்மேல் கண்ணாடி மாதிரித் தாளை விரித்து, மையில் அப்படியே எடுத்து எழுதுவது என் வேலை. பிறகு அதை அமோனியா மிஷினில் கொடுத்துப் பிரதி எடுக்க வேண்டும். கண்ணெல்லாம் எரியும். எழுதியதில் ஏதாவது மாற்றம் என்றால் சவரப் பிளேடால் மையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக எழுத வேண்டும். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தாளின் மூலையில் ஓர் எழுத்து ஏறும். முதல் மாற்றம் ஏ, அடுத்தது பி. மற்றவர்களின் தாள்கள் பி, சி என்று நின்றுவிடும். அவருடைய தாள்கள் கே, எல் வரைக்கும் போகும். ஒரு தாளில் ஒரே அளவை நான் ஐந்து முறை சுரண்டி, கடைசியில் அந்த இடமே ஓட்டையாகிப் போனது. கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். அவர் ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, "தாளுக்கும் பொறுமை கொறைஞ்சு போச்சு" என்றார். பிறகு தானே பின்பக்கம் டேப் ஒட்டிக் கொடுத்தார். அப்போதும் அளவை மாற்றத்தான் சொன்னார்.

அவரை எல்லோரும் விரும்பினார்கள் என்று எழுதினால் பொய். ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, பூட்டி முடித்த பீரங்கிக் காலை முழுக்கக் கழற்றச் சொன்னார். உள்ளே ஒரு வாஷர் தலைகீழாக இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். கழற்றிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. சீன ஃபிட்டர் ஸ்பேனரைத் தரையில் போட்டார்.

"பாஸ், நீங்க சர்ச்சுல சாமி கும்பிட்டாலும் ரெண்டு தடவ கும்பிடுவீங்களா?"

"சாமியப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்லலா. மேல தொங்குற ஃபேனப் பத்திதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பஸ் போய்விட்டிருந்தது. அன்றைக்கு நடந்து வீட்டுக்குப் போன மலாய்க்கார வெல்டர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

ஸ்டோர் கிளார்க்கின் கல்யாணத்துக்கு ஈப்போவில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தோம். மணவறைக்கு மேலே மூங்கிலில் பூவும் சரவிளக்குமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இவர் உட்காராமல் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மேடையேறி, ஓரத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேளம் முழங்கி, தாலி கட்டி, அட்சதை விழும்வரை விடவில்லை. பெண்ணின் மாமாவுக்குக் கோபம்.

"யாருங்க இவரு? போட்டோல விழணும்னு நிக்கிறாரா?"

பொறியாளரின் மனைவி என் பக்கத்தில்தான் இருந்தார். "ஐயோ, விடுங்கண்ணே," என்றார். "எங்க கல்யாணத்துல இந்த மனுசன் கேக்கு வெச்ச மேசையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. பாதர் கூப்டுறாரு, வர மாட்டேங்கிறாரு."

ஏன் அப்படி இருந்தார் என்பதற்குப் பட்டறையில் பல கதைகள். தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் சின்ன வயதில் லாரி கவிழ்ந்ததைப் பார்த்தவர் என்றார்கள். வெளிநாட்டில் பயிற்சிக்குப் போயிருந்தபோது அங்கே ஏதோ நடந்தது என்றார்கள். ஒருநாள் துணிந்து ஃபிட்டர் கேட்டேவிட்டார். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "பாக்கிறதுக்குக் காரணம் வேணுமா?" என்றார். எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதக்கூடாது.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். நாடே அளவை மாற்றிக்கொண்டிருந்த சமயம். பசாரில் கட்டி என்ற பழைய எடைக் கணக்கு போய்க் கிலோ வந்தது. சாலையில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. எங்கள் அலமாரியில் இருந்த பழைய தாள்களெல்லாம் அங்குலத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, அங்குலத்தைச் சுரண்டி மில்லிமீட்டர் எழுத வேண்டும்.

படகுத் தூக்கியை லூமுட்டில் கடற்படைத் துறையில் பொருத்த வேண்டியிருந்தது. அதைத் தரையோடு பிடிக்கும் அடிப்பாகத்தின் தாள் என்னிடம் வந்தது. வலது ஓரத்தில் சாமான் பட்டியல். அதில் ஆறு வரிகளை மாற்றும்படி அவர் பென்சிலில் குறித்திருந்தார். போல்ட் எட்டு, முக்கால் அங்குலத்துக்குப் பதில் இருபது மில்லிமீட்டர். நட்டு எட்டு, அதுவும் அப்படியே. இன்னும் நாலு வரி. நான் போல்ட்டுக்கு மேலே இருந்த இரண்டு வரி முடித்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. பிளேடை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து நட்டு வரியிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் இருந்த போல்ட் வரியை விட்டுவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அந்தத் தாள் கையெழுத்துக்குப் போனது ஒரு சனிக்கிழமை. மேனேஜர் அவசரத்தில் இருந்தார். பினாங்குத் தமிழர், சத்தமாகப் பேசுகிறவர். கோலாலம்பூரிலிருந்து பெரியவர்கள் வந்து பார்க்கிற நாள் குறித்தாகிவிட்டது. இவர் தாளைப் பலகையில் விரித்து ஸ்கேலை எடுத்தார்.

"யப்பா, நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள லூமுட்டுல கடலே வத்திடும்லா!" என்றார் மேனேஜர். "ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி, பாத்ததும் கையெழுத்துப் போடு. நான் எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தாரேன்."

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். போட்ட பிறகும் அவர் கை தாளின்மேலேயே இருந்தது. மேனேஜர்தான் உருவி எடுத்து என்னிடம் கொடுத்தார்.

பிரதி எடுக்கத் தாளைச் சுருட்டினேன். சுரண்டிய இடத்தில் எழுதும் மை மங்கலாக விழும். சுரண்டாத பழைய மை பளபளக்கும். மங்கலான வரிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் பளபளத்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். ஒருவேளை அதை மாற்ற வேண்டியதில்லையோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பென்சில் தாளை எடுத்துப் பார்த்திருக்கலாம். எல்லோரும் சிரித்துக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் நின்று பேச என்னால் முடியவில்லை. தாளை மிஷினில் கொடுத்தேன்.

மூன்று வாரம் அவர் படாத பாடு பட்டார். கையெழுத்தான தாளை மறுபடி எடுத்துப் பார்க்க மேனேஜர் விடவில்லை. லூமுட்டுக்குப் போகத் தனக்கு அனுமதிச் சீட்டு கேட்டார், கிடைக்கவில்லை. அதற்கு முன்னாலேயே இரண்டு முறை அங்கே போய், ஒன்றுமில்லாததற்கு எல்லோரையும் காக்க வைத்தவர் என்று மேனேஜர் மறுத்துவிட்டார். எடை வைத்துத் தூக்கிப் பார்த்த சோதனை பட்டறையிலேயே நடந்துவிட்டது. அது பட்டறையில் இருந்த நல்ல போல்ட்டுகளில் நடந்தது. லூமுட்டில் பூட்டியதோ, தாளைப் பார்த்து ஸ்டோர் கொடுத்த போல்ட்டுகள். அங்கேயும் ஒருமுறை மணல் மூட்டை வைத்துத் தூக்கிப் பார்க்கணும் என்று இவர் சொன்னார். நேரமில்லை, நேரே ஆட்களை வைத்து இறக்கிக் காட்டுவோம் என்றார் மேனேஜர்.

மூன்றாவது சனிக்கிழமை மதியம் ஃபிட்டர் லூமுட்டிலிருந்து திரும்பி வந்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"பாஸ், எத்தன வருசமா நான் நட்டுப் போடுறேன். இந்த மாதிரி சுகமா ஏறுனதே இல்லலா! கையாலயே சுத்திட்டேன். கடைசியில மட்டும்தான் ஸ்பேனர்."

அவர் பெருவிரல் மேசை விளிம்பில் அப்படியே நின்றது. "கையாலயா?" என்றார்.

"வெண்ண மாதிரி, பாஸ்."

அதற்குள் ஒரு மணி ஆகி, தாள் அலமாரியைப் பூட்டியாகிவிட்டது. சாவி மேனேஜரிடம். மேனேஜர் பினாங்குக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் லயத்துக்கு முன்னால் பழைய பச்சைக் கார் ஒன்று வந்து நின்றது. எங்கள் தோட்டத்தில் அப்போது ரப்பர் பால்மரத்தில் பாதி இல்லை. வீடு கட்ட நிலத்தை விற்றுவிட்டார்கள். இருபது குடும்பம்தான் மிச்சம். அந்த மண் சாலையில் கார் வந்தால் கோழி முதல் குழந்தை வரை வெளியே வந்துவிடும். அவர் இறங்கினார். அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் அதன் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

"ஒடையாது சார், உக்காருங்க," என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா." என்னைப் பார்த்தார். "அடிப்பாகத்துத் தாளுல சாமான் பட்டியல் இருக்குல்ல? கம்பெனி வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகாக்காரன் கதவத் தொறக்க மாட்டேங்கிறான். லூமுட்டுக்குப் போன் போட்டா, கம்பெனி லெட்டர் கொண்டான்றாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆறு பேரப் படகுல வெச்சு எறக்குறாங்க. நீதான எழுதுன? ஒன் கைக்கு ஞாபகம் இருக்கும். எழுதிக் காட்டு."

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். அவர் சொன்னது உண்மைதான். மனதுக்கு ஞாபகம் இல்லாதது கைக்கு ஞாபகம் இருந்தது. முதல் வரி, அடிப்பலகை. இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்கு வந்ததும் கை, 'போல்ட், எட்டு, முக்கால் அங்குலம்' என்று எழுதியது.

அவர் குனிந்து பார்த்தார். "நட்டு?"

"இருபது மில்லி, சார்."

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். முக்கால் அங்குலம் என்பது பத்தொன்பது மில்லிமீட்டரும் ஒரு துளியும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. திருகு மரையின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் அந்த நட்டு அந்த போல்ட்டில் சொகுசாக ஏறும், முடுக்கினால் பிடித்துக்கொண்ட மாதிரியும் இருக்கும். பாரம் விழுந்தால் மரை உரிந்து, உருவிக்கொண்டு வந்துவிடும்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கு," என்றேன்.

அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. திட்டவில்லை. நான் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நீ வரணும்," என்றார். "நான் போய்ச் சொன்னா, இந்த ஆளு எப்பவுமே இப்படித்தான்னு சிரிப்பாங்க. எழுதுனவ நீ சொன்னா நம்புவாங்க."

அம்மா குறுக்கே வந்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க. வயசுப் புள்ளய தனியா அனுப்ப மாட்டேன். நானும் வாரேன்."

"வாங்கம்மா."

"பத்து நிமிசம் குடுங்க. புட்டு அடுப்புல இருக்கு, கட்டி எடுத்துக்கிறேன். பட்டாளத்துக்காரங்க சோறு போட மாட்டாங்க."

துரோனோ, போத்தா, ஆயர் தாவார் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஸ்டியரிங்கில் அவர் பெருவிரல் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாதான் பின்சீட்டிலிருந்து, "எட்டு நட்டுக்கா சார் இவ்ளோ தூரம்?" என்று ஒருமுறை கேட்டாள். "எட்டுல நாலு உருவுனா போதும்மா, ஆறு பேரு போறதுக்கு," என்றார். சித்தியவானில் தெருவோர ஒட்டுக்கடை பக்கம் காரை நிறுத்தினோம். நாங்கள் புட்டு தின்றோம். அவர் நின்றுகொண்டே வெறும் கோப்பி குடித்தார்.

கடற்படை வாசலில் எங்களை நிறுத்தினார்கள். பணியில் இருந்த அதிகாரி இளம் மலாய்க்காரர். அவருக்கு இவரை நன்றாகத் தெரிந்திருந்தது. பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"செக்காலி லாகி, என்சிக்?" என்றார். மறுபடியும் ஒருக்காவா, ஐயா?

பட்டறைப் பெயர் இங்கே வரைக்கும் வந்திருந்தது. காவலாளிகளும் சிரித்தார்கள். இவரும் சிரிக்க முயன்றார். தூக்கியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். கடிதம் இல்லாமல் முடியாது, போன தடவையும் இதே மாதிரி வந்து அரை நாள் வீணாயிற்று, ஒன்றும் இல்லை, என்றார் அதிகாரி. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நேராகக் கேட்டார். பிழை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விடுகிறேன். பிழை யாருடையது என்றும் எழுத வேண்டும்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியும். மூன்று வார்த்தை போதும். கொடிக்கம்பத்தில் கயிறு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா என் முதுகில் முழங்கையால் இடித்தாள். நான் தாரில் உருகிக்கிடந்த ஒரு குமிழைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதுவே காரணம் என்று சொன்னால் என்னைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னதாகிவிடும். அத்தனை ஆண்களுக்கு முன்னால் என் குரல் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"அடா," என்றார். "சலா சாயா."

இருக்கிறது. பிழை என்னுடையது.

அதிகாரி பெரிய புத்தகத்தை விரித்து நேரம், பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் எழுதினார். அதை இவர் இரண்டு முறை படித்தார். ஓர் இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தச் சொன்னார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

துறையில் தூக்கி புதுச் சாம்பல் வண்ணத்தில் பளபளவென்று நின்றது. இவர் ஸ்பேனரை வைத்து ஒரு நட்டை இளக்கினார். மீதியை விரலால் சுழற்றினார். பாதியில் நிறுத்தி, நட்டைப் பிடித்து ஆட்டினார். 'டக் டக்' என்று ஆடியது. அதிகாரியைக் கூப்பிட்டு ஆட்டிப் பார்க்கச் சொன்னார். அதிகாரி ஆட்டினார். இன்னொன்றைத் தானே இளக்கி ஆட்டினார். அப்புறம் எழுந்து, கையை வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். நாளைக்குப் படகில் உட்காரும் ஆறு பேர் பட்டியலில் முதல் பெயர் தன்னுடையதுதான் என்றார்.

யாரும் தொடக்கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புத் துணி வேண்டும் என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் பூட்டியிருந்தது. அம்மா புட்டுப் பாத்திரத்தைச் சுற்றியிருந்த சிவப்புத் துண்டை உருவி, தானே போய்த் தூக்கியின் கையில் கட்டினாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் சார் ஒங்க தலைல போட்டுக்கிட்டீங்க? இவ வாய்ல கொழுக்கட்டையா இருந்துச்சு? நாலு அறை விட்டிருந்தா பேசியிருப்பா."

"அவ எழுதுறவம்மா. பாக்குறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நான் பாக்கல."

"இவ பாத்தாளே."

அவர் வைப்பரை இன்னும் வேகமாக வைத்தார். என் மேல் கோபமா என்று கண்ணாடியில் பார்த்தேன். தெரியவில்லை. போத்தா பாலத்தைத் தாண்டியதும் சட்டென்று காரை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைக்காமல் யோசித்தார்.

"அந்தத் துண்டு," என்றார். "முடிச்சு எறுக்கமா விழுந்துச்சா? காத்துல போயிட்டா அவங்களுக்குத் தெரியாதே. இன்னொருக்கா…"

"சார்!" அம்மா அதட்டினாள். "மாடு கட்டுன கை இது. கப்பலே போனாலும் அந்த முடிச்சு போவாது. வண்டிய எடுங்க, பொழுது சாயுது."

அவர் வண்டியை எடுத்தார். ஆனாலும் ஈப்போ வரும்வரை பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினார். லயத்தில் எங்களை இறக்கிவிட்டபோது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கார்க்கதவை இரண்டு முறை இழுத்துச் சாத்தி, சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு, போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. படகு இறங்கவில்லை. கோலாலம்பூர்க்காரர்கள் சிவப்புத் துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மத்தியானம் மேனேஜர் லூமுட்டிலிருந்து வந்து அவரை அறைக்குள் அழைத்தார். வாசல் பதிவேட்டின் நகல் மேசையில் இருந்தது. பிறகு என்னையும் கூப்பிட்டு, "ஒனக்கு இதப் பத்தி ஏதாவது தெரியுமாம்மா?" என்று கேட்டார். அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். "தெரியாது, சார்," என்றேன். மூன்று மணிக்கு அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. போல்ட் வரியைச் சுரண்டி, இருபது மில்லிமீட்டர் என்று எழுதினேன். சரிபார்த்தவர் கட்டத்தில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார். ஏழு பிரதி எடுத்தேன். ஐந்து மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.